தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம்

டெய்லருக்குக் கை நடுங்கி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அன்று காலை நடுங்கியது. மடியில் கோழி கிடந்தது. முதுகில், வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து மடங்கியிருந்தது. உள்ளே சதை தெரிந்தது. கோழி கத்தவில்லை. கத்தித் தொலைத்திருந்தாலாவது தேவலை. ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது.

இருந்தவை மூன்று கோழிகள். விடிவதற்குச் சற்று முன்னால் தெருநாய் ஒன்று கொல்லைக்குள் புகுந்து, கூண்டுப் பலகையைப் பெயர்த்து, இரண்டின் கதையை முடித்துவிட்டது. மூன்றாவது, இந்தக் கொண்டைக்காரி, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் தன்னைச் செருகிக்கொண்டதால் பிழைத்தது. சத்தம் கேட்டு டெய்லர் ஓடியபோது, ஒரு அவசரமும் இல்லாத விருந்தாளி மாதிரி நாய் பின்கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது.

"நாந்தாங்க," என்றாள் அவர் மனைவி. தலையைக்கூட முடியாமல் சமையலறை வாசலில் நின்றாள். "நாந்தான் தொறந்து வச்சேன். ரெண்டு உசுரு போச்சு என்னால."

டெய்லர் வாயைத் திறந்தார். பிறகு, "வெந்நி வையி. உப்புப் போட்டு வையி," என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்கும் கொல்லைக்கும் நடுவில் ஒரு தகரக் கதவு. தொட்டாலே தெருவுக்குச் சேதி சொல்லும் கதவு. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வழியாகத்தான் அவர்களுடைய ஒரே பையன் பையை மாட்டிக்கொண்டு போனான். யாரோ ஒருவர் கோட்டுத் தைக்கக் கொடுத்திருந்த நல்ல துணியை அவன் அளவு தப்பி வெட்டிவிட்டான். வாடிக்கையாளர் பார்க்க டெய்லர் அவன் கன்னத்தில் அறைந்தார். பத்தொன்பது வயதுப் பிள்ளை. போகிறவனைத் தடுக்கவும் இல்லை. "போறவன் திரும்பி வரக்கூடாது" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பினார். வார்த்தைக்கு மட்டும் அவரிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

அன்றிலிருந்து, பொழுது சாய்ந்ததும் அவள் போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். முன்வாசல் கடை. அங்கே அப்பா உட்கார்ந்திருப்பார், நாலு பேர் இருப்பார்கள். அவன் மானஸ்தன், அந்த வழியாக வரமாட்டான். பின்பக்கமாகப் போனவன் பின்பக்கமாகத்தான் வருவான். இது அவள் கணக்கு. கணவனிடம் அவள் இதைச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவள் படுத்துக் கண்ணயர்ந்த பிறகு அவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வருவார். காலையில் முதலில் எழுவது அவர்தான். அவள் எழுவதற்குள் எடுத்துவிடுவார். பகலில் அவள் வெளியே போனாலும் போட்டுவிடுவார். ஆரம்பத்தில் கோபம். பிறகு, நாய் வரும் பூனை வரும் என்று தனக்கே ஒரு சமாதானம். நாலு வருஷமாகக் கதவு திறந்தே கிடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ராத்திரிகூட அது திறந்து கிடந்ததில்லை.

அந்த ஒரு ராத்திரி தவிர. முந்தின நாள் கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க ஒரு பையன் வந்தான். மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தபோது முப்பத்தெட்டு வந்தது. மகனுடைய அளவு. முப்பத்தெட்டு மார்பு ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும். ஆனாலும் டெய்லர் டேப்பை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். "முடிஞ்சுதா சார்?" என்று அந்தப் பையன் இரண்டு தரம் கேட்க வேண்டியதாயிற்று. அன்று இரவு தாழ்ப்பாளில் கையை வைத்தவர், போடாமல் திரும்பி வந்து படுத்தார். நாலு வருஷத்தில் முதல் தரமாக மனம் இளகினார், வந்தது நாய்.

கோழியின் தலையை ஒரு துணியால் மூடி அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண் மறைந்ததும் அது அடங்கிவிட்டது. டெய்லர் காயத்தைச் சுற்றி இருந்த இறகுகளைக் கத்தரித்தார். உப்பு வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். கிழிசலைப் பார்த்ததும் அவர் கைக்குள் இருந்த தையல்காரன் விழித்துக்கொண்டான். நடுக்கம் நின்றது. மெல்லிய ஊசியைக் கொதிக்க வைத்து, பட்டு நூல் கோத்து, மடங்கிக் கிடந்த தோலை நீவி இழுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தார். பதினொரு தையல். முடித்தபோது எங்கே கிழிந்தது என்று தேட வேண்டியிருந்தது.

"தச்ச எடமே தெரியலங்க," என்றாள் அவள், அந்தத் துக்கத்திலும். அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

கொண்டைக்காரியை ஒரு அட்டைப்பெட்டியில், பழைய வேட்டியை மடித்துப் போட்டு, கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில் வைத்தார்கள். தைத்து முடித்த உடுப்புகளை டெய்லர் அங்கேதான் வரிசையாகத் தொங்கவிடுவார். கொல்லையிலிருந்து காற்று வந்தால் சட்டைக் கைகள் லேசாக எழும். கோழி அவற்றின் கீழே அசையாமல் கிடந்தது. நடையைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஒற்றைக் கண் டெய்லர் கூடவே வந்தது. கோழி நடமாடுகிற ஆளைப் பார்க்காமல் வேறு எங்கே பார்க்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். இருந்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டுதான் போனார்.

செத்த இரண்டையும் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தாயிற்று. இறகுகள்தான் தீரவில்லை. கூட்டக் கூட்ட எங்கிருந்தோ வந்தன. அளந்து வைத்த துணி மடிப்பில் ஒன்று. அவள் அரிசி களையும்போது ஒன்று. இரண்டாம் நாள் நூல் சிக்குகிறதே என்று டெய்லர் மெஷினுக்கு அடியில் பாபின் பெட்டியைத் திறந்தார். உள்ளே நூலோடு சுற்றிக்கொண்டு சின்னதாய் ஒரு வெள்ளை இறகு.

மெஷின் விஷயம் வேறு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷமாக, மெஷின் ஓடும்போதெல்லாம் அதன் சத்தத்துக்கு அடியில் அவருக்குத் தகரக் கதவு ஆடும் சத்தம் கேட்கும். நிறுத்துவார். ஒன்றும் இருக்காது. மறுபடி மிதிப்பார், மறுபடி கேட்கும். "டெய்லர் நடுவுல நடுவுல தியானத்துக்குப் போயிடுறாரு" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

அது ஒரு மழை நாளில் தொடங்கியது. அவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன். நாலு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் வீட்டை விட்டு வெளியூர் போனாள். மற்றபடி கல்யாணமோ சாவோ எதற்கும் போனதில்லை, வருகிறவன் வரும்போது ஆளில்லாமல் போய்விடும் என்று. சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. டெய்லர் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தார். பின்கதவு ஆடியது. மூன்று தரம். கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒரு தரம்.

டெய்லர் மெஷினை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக மிதித்தார். ஒரு கை முடிந்ததும் அடுத்த கையை எடுத்தார். அதுவும் முடிந்த பிறகு, எழுந்து போய்க் கதவைத் திறந்தார். சந்தில் யாரும் இல்லை. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்தாவது தாழ்ப்பாளைப் போடாமல் விட்டிருக்கலாம். ஆனால் திறந்து வைத்தால், அன்றைக்குத் திறக்காததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே தொடர்ந்து போட்டார். சில மனிதர்களுக்குத் தப்பைத் திருத்துவதைவிடத் தப்பைக் காப்பாற்றுவது சுலபமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அவள் கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தாள். கனமான பூட்டு. இரண்டு சாவி.

"பின்கதவுல மாட்டிடுங்க," என்றாள்.

"கொண்டி சரியில்ல அதுல. வேற வாங்கணும். நாளைக்குப் பாக்கலாம்."

"சரி. நாளைக்கு மறந்துறாதீங்க."

அவர் மறக்கவில்லை. ஞாபகமாகத் தள்ளிப்போட்டார். அவள் அன்று பொழுது சாய்ந்ததும் பின்பக்கம் போகவில்லை. விளக்கைப் போட்டாள், அடுப்பைப் பார்த்தாள், பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். தாழ்ப்பாள் போட்டபடியே கிடந்தது. நாலு வருஷத்தில் முதல் தரமாக டெய்லருக்கு ராத்திரி எழுந்து போய்ச் செய்ய வேலை இல்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது. தூக்கம் வரவில்லை.

நாலாம் நாள் கோழி தீனியைத் தொடவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடையில் ஒரு வாடை. தையல் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் அதற்குக் கீழே முதுகு வீங்கிப் பளபளத்தது. ஐந்தாம் நாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. மேஜையில் கோழியை வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"யாரு தச்சது?"

"நாந்தாம்மா."

"ரொம்ப அழகா இருக்கு. எங்க காலேஜ்ல இப்படித் தச்சிருந்தா மெடல் குடுத்திருப்பாங்க," என்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா நாய் கடிச்ச காயத்தத் தைக்கக் கூடாது சார். பல்லு உள்ள வரைக்கும் போயிருக்கும். அந்த அழுக்கையெல்லாம் உள்ளயே வச்சு மூடிட்டீங்க. சீழ் வெளிய வர வழியில்ல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கோழி இல்ல."

"அப்போ... தொறந்தே விடணுமாம்மா?"

"தொறந்தே விடணும். பாக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். தெனம் ரெண்டு வேளை கழுவுங்க, ஈ உக்காராம பாத்துக்குங்க. அடியிலேருந்து தானா வளந்து மூடிக்கும். இப்ப இதப் பிரிக்கணும். நீங்களே பிரிச்சிருங்களேன், உங்க கை என் கையவிட மெதுவா இருக்கும்."

முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ தையலை டெய்லர் பிரித்திருக்கிறார். இப்படி வேர்த்ததில்லை. ஏழாவது தையலை அறுத்ததும் சீழ் தானாகப் பொங்கி வந்தது. அறையே நாறியது. கோழி முதல் முறையாகக் குரல் கொடுத்தது, ஒரே ஒரு தரம், கதவுக் கீல் முனகுகிற மாதிரி. மனைவி முகத்தைத் திருப்பவில்லை. டெய்லர்தான் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்துத் தண்ணீரை எடுத்து உள்ளே பீய்ச்சிக் காட்டினாள். ஒருவர் பிடிக்க, ஒருவர் கழுவ. இரண்டு ஆள் வேலை.

அன்று சாயங்காலம், முதல் தரமாக வீட்டில் கழுவினார்கள். கொல்லைப் படியில் அவள் உட்கார்ந்து, கோழியை முந்தானையில் சுற்றித் தலையை மூடிப் பிடித்துக்கொண்டாள். கையெட்டும் தூரத்தில் அந்தப் பூட்டையும் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"கழுவிட்டு இதையும் மாட்டிடுங்க," என்றாள்.

"நாளைக்கு..."

"நாளைக்கு நாளைக்குன்னே ஓட்டுறீங்க. எனக்காகப் பாக்குறீங்கன்னு தெரியுது. பாக்க வேண்டாம்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது, மளிகைச் சாமான் சொல்வது போல. "நாலு வருஷங்க. ஒரு ராத்திரி விடாம தொறந்து வச்சேன். வரணும்னு இருந்தா வந்திருப்பான். தொறந்த கதவு வழியா வராதவன் இனிமே எப்படி வருவான்? அவனுக்கு நாம வேண்டாம். நாய் வந்து சொன்னப்புறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. பூட்டிடலாம்."

அவள் அழுதிருந்தால் டெய்லர் சமாளித்திருப்பார். அழவில்லை. அவ்வளவு நாள் பிடித்துவைத்திருந்த பிள்ளையை அவள் கையிலிருந்து இறக்கி வைப்பதை அவர் கண்ணெதிரே பார்த்தார். சிரிஞ்சைக் கிண்ணத்தில் வைத்தார்.

"தொறந்து இல்ல," என்றார்.

"என்னது?"

"கதவு. ஒரு நாளும் தொறந்து இல்ல. நீ படுத்தப்புறம் நான் போயித் தாழ்ப்பாளப் போட்டுடுவேன். காலைல நீ எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துடுவேன். நாய் வந்த அன்னிக்கு ஒரு நாள்தான் போடல. உன்னால இல்ல. ஒண்ணுமே உன்னால இல்ல."

முந்தானைக்குள் கோழி நெளிந்தது. அவள் பிடி இறுகியிருந்தது. பார்த்து, தளர்த்திக்கொண்டாள். முப்பது வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறாள். சின்னதை முதலில் சொல்லிப் பெரியதைப் பின்னால் வைத்துக்கொள்கிற ஆள் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்புறம்?" என்றாள்.

டெய்லர் மழை நாளைச் சொன்னார். மூன்று தரம், பிறகு ஒரு தரம் என்பதைச் சொன்னார். மெஷினை நிறுத்தாததைச் சொன்னார். காற்றாகவும் இருக்கலாம் என்று சேர்க்கப் போய், பாதியில் விட்டார்.

"நான் அக்கா வீட்டுக்குப் போன அன்னிக்கா?"

"ஆமா."

"அந்த ஒரு நாள்தான் போனேன்." முந்தானையைக் கோழியின் தலைமேல் சரியாக இழுத்துவிட்டு, "என்ன தச்சுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஸ்கூல் சட்டை. கை மூட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் தலையாட்டினாள். "கழுவுங்க. தண்ணி ஆறிடப் போகுது."

கழுவினார். அவள் பஞ்சால் ஒற்றி எடுத்தாள், மருந்து தடவினாள், கோழியைப் பெட்டிக்குள் இறக்கி வலையை மேலே போட்டாள். அவள் கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு பின்கதவைத் திறந்து சந்தில் இறங்கி நின்றாள்.

"தாழ்ப்பாளப் போடுங்க," என்றாள் வெளியிலிருந்து.

"எதுக்கும்மா?"

"போடுங்க. போட்டுட்டுப் போயி மெஷின்ல உக்காருங்க. அன்னிக்கு ஓட்டின மாதிரி ஓட்டுங்க."

மறுத்துப் பேச அவருக்கு என்ன யோக்கியதை இருந்தது? போட்டார். தொங்கும் உடுப்புகளைத் தலையால் விலக்கிக்கொண்டு நடையைக் கடந்து போய் உட்கார்ந்தார். கையில் கிடைத்த துண்டுத் துணியை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தார். முதலில் மெதுவாக. பிறகு, அன்றைக்கு மிதித்த வேகம் காலுக்கே ஞாபகம் வந்தது. மேஜை அதிர்ந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

கதவு ஆடியது. மூன்று தரம்.

இரண்டு வருஷமாகத் தினமும் கேட்ட அதே சத்தம். நிஜமாக ஆட்டுவதற்கும் மனசுக்குள் கேட்டதற்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. கொஞ்சம் இடைவெளி. நாலாவதற்காக அவர் காத்திருக்கவில்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்க, நடையில் பதினான்கு எட்டு. தாழ்ப்பாளை இழுத்தார்.

அவள் கையைத் தகரத்திலிருந்து எடுக்காமல் நின்றிருந்தாள்.

"மெஷின் சத்தத்துல நெசமாவே கேக்காமப் போயிருக்குமோன்னு ஒரு நப்பாசைங்க," என்றாள். "நல்லாக் கேக்குதுல்ல?"

"கேக்குது."

"ம்."

"நான் வந்து தொறந்தேம்மா. பொய் இல்ல. தொறந்தப்போ யாரும் இல்ல. மழை அப்பத்தான் புடிச்சிருந்துச்சு. தரையெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு..." இதை அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. "ரெண்டு கால் அளவுக்கு மட்டும் நனையாம இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். அதுவும் நனைஞ்சிருச்சு."

அவள் சந்தின் இரண்டு முனையையும் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எந்த எடம்?"

டெய்லர் அவள் நின்றுகொண்டிருந்த இடத்தைக் காட்டினார். தூங்குகிற பிள்ளையை மிதித்துவிட்டவள் போல அவள் சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள்.